யாருடைய குடும்பத்தை யாருக்கு விற்றேன்?

கடந்த ஒக்ரோபரில் ஸ்காபரோவில் ஒரு சிறு மண்டபத்தில் என்னுடைய ஆய்வைப் பற்றித் தமிழில் பேசக் கேட்டிருந்தார்கள். அறுபது கதிரை போட்டிருந்தது, இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழும்பினார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார்: "பிள்ளை, நீர் கெட்டிக்காரி, அதில சந்தேகமில்லை. ஆனால் எங்கட குடும்பத்தைக் கொண்டுபோய் வெள்ளைக்காரனுக்கு வித்துத்தானே உந்தக் கலாநிதிப் பட்டத்தை வாங்கப்போறீர்?"

கைதட்டினார்கள். "இல்லை ஐயா" என்று நான் தொடங்குவதற்குள் மண்டபத்தை ஒன்பது மணிக்குப் பூட்டவேண்டும் என்று திறப்போடு ஒருவர் வந்து நின்றார். வடையோடும் தேத்தண்ணியோடும் கூட்டம் கலைந்தது. மூன்று மாதமாக அந்தக் கேள்வியோடுதான் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கான பதில் ஒரு மண்டபத்துக் கேள்வி நேரத்துக்குள் அடங்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன். மரியாதையோடுதான் எழுதுகிறேன், ஆனால் தொண்டையைத் தாழ்த்திக்கொண்டு அல்ல.

முதலில் நான் என்னதான் படிக்கிறேன் என்பதைச் சொல்லவேண்டும். என் மாமியாருக்கே அது இன்னும் விளங்கவில்லை. "டொக்ரர் எண்டால் எந்த ஆஸ்பத்திரியில?" என்று அவவின் சிநேகிதி கேட்டபோது, "இது வருத்தம் பாக்காத டொக்ரர்" என்று மாமி சொன்னா. அதைவிடச் சரியாக என்னாலும் சொல்லமுடியாது. குடும்பங்களுக்கு உதவும் ஒரு நிறுவனத்தில் பதினாலு வருடம் வேலை செய்துவிட்டு, நாற்பத்தொரு வயதில், சம்பளத்தை விட்டு, என் மகளின் வயதை எட்டப்போகிற பிள்ளைகளோடு வகுப்பில் போய் இருந்தேன். இரண்டு வருடம் பாடங்கள், பிறகு தகைமைப் பரீட்சை, பிறகு நெறிமுறைக் குழுவின் அனுமதி, பிறகு நேர்காணல்கள், இப்போது ஆய்வேடு. துறையின் பெயர் குடும்பத்தை மையமாகக் கொண்ட சமூகப்பணி.

இந்தத் துறையின் அடிப்படை எண்ணம் பழையது. ஒருவரைத் தனியே எடுத்துப் பார்க்காதே, அவருடைய வீட்டோடும் சுற்றத்தோடும் சேர்த்துப் பார் என்று மேரி றிச்மண்ட் 1917இல் எழுதிய 'சோஷியல் டயக்னோசிஸ்' என்ற நூலிலேயே இருக்கிறது. 1983இல் ஆன் ஹார்ட்மனும் ஜோன் லெயார்டும் எழுதிய நூல்தான் இந்தத் துறைக்கு இன்றைய பெயரை ஊன்றியது. பள்ளிக்கூடத்துக்கு வராத பெடியன் ஒருவன் இருந்தால் அவனை மட்டும் கூப்பிட்டு ஏசாதே. தகப்பன் இரவு வேலையா, தாய்க்கு இந்த ஊரில் கதைக்க ஆள் இருக்கிறதா, வாடகை எவ்வளவு, அம்மம்மா ஊரிலே தனியே இருக்கிறாவா என்று பார். மண்டபத்தில் இவ்வளவும் சொன்னபோது ஐயாவும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். எங்கள் சனத்துக்கு இதைச் சொல்லித்தர வெள்ளைக்காரன் தேவையில்லை என்றுகூட நினைத்திருப்பார். அதுவரைக்கும் எங்களுக்குள் சண்டை இல்லை.

குடும்பம் என்றால் யார் என்று கேட்கும்போதுதான் சண்டை வருகிறது.

ஒரு வீட்டுக்குள் போகிற சமூகப்பணியாளர் ஜெனோகிராம் என்ற வரைபடம் ஒன்றை வரைவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கலியாணத்துக்கு ஒரு கோடு, அதிலிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகிற கோடுகள். இறந்தவருக்கு அவருடைய சதுரத்தின் மேலோ வட்டத்தின் மேலோ ஒரு பெருக்கல் குறி. கடைசியில் ஒரே வீட்டில் இருப்பவர்களைச் சுற்றிப் புள்ளிக்கோடு. மூன்று தலைமுறையை ஒரு தாளில் பார்க்கலாம். நல்ல கருவிதான், நான் இன்றும் பாவிக்கிறேன். ஆனால் அவசரத்தில் வேலை செய்கிற அலுவலகத்தில் அந்தப் புள்ளிக்கோட்டுக்கு உள்ளே இருப்பதுதான் குடும்பம், வெளியே இருப்பது பின்னணி. எங்கள் ஆட்களில் ஒருவருடைய படத்தை வரைந்து பாருங்கள். புள்ளிக்கோட்டுக்குள் நாலு பேர். வெளியே பாரிசில் ஒரு அண்ணர், சுவிசில் ஒரு சித்தி, கோண்டாவிலில் அம்மா, சென்னையில் ஒரு தங்கச்சி குடும்பம். நாலு பேரும் இன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியில் உள்ளவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். மகள் எங்கே படிப்பது, வீடு வாங்குவதா, சீட்டுக் காசை எதற்கு எடுப்பது, மருமகன் அடித்தால் பொறுப்பதா வெளிக்கிடுவதா, எல்லாம் வட்ஸ்அப்பில் முடிவாகும். "இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கிற சமூகப்பணியாளருக்கு உண்மையான பதில் கிடைக்கும், ஆனால் அந்தப் பதிலால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்தப் படத்தில் இன்னொரு கஷ்டம் எனக்கு முதல் நேர்காணலிலேயே வந்தது. ஒரு தாய், மூத்த மகன் 2009 மே மாதத்துக்குப் பிறகு என்ன ஆனான் என்று தெரியாது. நான் சதுரத்தைப் போட்டுவிட்டுப் பேனையைத் தூக்கினேன். "குறுக்கால கீறிப்போடாத பிள்ளை" என்றா. கீறவில்லை. பிறகு தேடிப் பார்த்தேன். என் பாடநூல்களில் இறந்தவருக்குக் குறி இருக்கிறது, விவாகரத்துக்குக் குறி இருக்கிறது, கருவில் கலைந்த பிள்ளைக்குக்கூடக் குறி இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு இல்லை. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் தாய்மார் உட்கார்ந்திருப்பது அந்தக் குறுக்குக் கோட்டை மறுத்துத்தான். என் ஆய்வேட்டில் அந்தச் சதுரத்துக்கு நான் ஒரு திறந்த பக்கம் விட்டிருக்கிறேன். பரீட்சகர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது.

அரசாங்கத்துக்கும் ஒரு குடும்பப் படம் உண்டு. கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, தங்கியிருக்கும் பிள்ளை. பிள்ளை எத்தனை வயது வரை பிள்ளை? 2014 ஓகஸ்ட் முதல் 19க்குக் கீழ் என்றார்கள், 2017 ஒக்ரோபரில் மறுபடி 22க்குக் கீழ் என்றார்கள். இடைப்பட்ட மூன்று வருடத்தில் 20 வயதில் இருந்த பிள்ளைகள் தாய் தகப்பனுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பியைக் கூப்பிடுவதென்றால் வழக்கமாக அவன் 18க்குக் குறைந்தவனாகவும் மணமாகாதவனாகவும் தாய் தகப்பனை இழந்தவனாகவும் இருக்கவேண்டும். கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் அம்மாவைக் கூப்பிட்டால் 20 வருடத்துக்குப் பொறுப்பெழுதிக் கொடுக்கவேண்டும், அதுவும் குலுக்கலில் பெயர் விழுந்தால். முதலில் சட்டம் குடும்பத்தைச் சின்னதாக வெட்டுகிறது. பிறகு சமூகப்பணியாளர் வந்து, "உங்களுக்கு உதவிக்கு ஆட்கள் இல்லையா?" என்று கேட்கிறார். இதைப் பல்கலைக்கழகத்தில் நான் சொன்னபோது பேராசிரியர்கள் மிகவும் ரசித்தார்கள். இந்தப் பகுதி உங்களுக்கும் பிடிக்கும் என்று தெரியும், ஐயா. ஆகவே இதோடு நிறுத்தினால் எனக்கு இரண்டு பக்கத்திலும் கைதட்டு விழும்.

நிறுத்தமுடியாததற்குக் காரணம் 1992.

நாங்கள் வந்து இரண்டாவது குளிர்காலம். எனக்கு பதின்மூன்று, தம்பிக்கு எட்டு. தம்பியின் கையிலிருந்த தழும்பை வகுப்பு ரீச்சர் கண்டுவிட்டா. இரண்டு நாளில் ஒரு பெண் எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்தா. இளம் பெண், சப்பாத்தை வாசலில் கழற்றினா, ஒரு காலுறை ஈரமாக இருந்தது, அது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் யாரும் கூட வரவில்லை. நான் இருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு சிகரெட்டோடு பல்கனிக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய முதுகு தெரிந்தது. வீட்டில் பயமாக இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்கும்படி அந்தப் பெண் எனக்குச் சொன்னா. கேட்டேன். அம்மா குரலைத் தாழ்த்தி அவசரமாகச் சொன்னா: "ஓம், பயமாத்தான் இருக்கு. வேலை போன நாளில இருந்து அவர் மனுசனா இல்லை. பிள்ளையளில கை வைக்கவேண்டாம் எண்டு ஆராவது அவருக்குச் சொல்லுங்கோ. என்ர அண்ணர் ஜேர்மனியில இருக்கிறார், அவர் சொன்னாக் கேப்பார்."

நான் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன்: எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறா. அப்பாவுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பள்ளிக்கூட பஸ்ஸில் எங்கள் பெடியள் எல்லோருக்கும் தெரியும், இவர்கள் பிள்ளை பிடிகாரர். தம்பி அன்றிரவு எங்கே படுப்பான் என்பது என் வாயில் இருந்தது. அம்மாவுக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'ஃபைன்' என்ற சொல் தெரியும், தொழிற்சாலையில் பழகியது. என்னைப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.

2020 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் சிறுவர் சேவைகள் வைத்திருக்கும் தன்னுடைய கோப்பைக் கேட்டுப் பெறுகிற உரிமை ஒருவருக்குச் சட்டத்தில் உண்டு. கலாநிதிப் படிப்பின் முதல் வருடத்தில் நான் கேட்டேன். சில பக்கங்கள்தான் வந்தன, பாதி கறுப்பு மையால் மறைத்திருந்தது. மறைக்காத வரிகளில், நெருக்கமான குடும்பம், ஒருவருக்கொருவர் ஆதரவானவர்கள், மூத்த மகள் முதிர்ச்சியானவள், உதவி செய்பவள் என்று எழுதியிருந்தது. கோப்பு மூடப்பட்டிருந்தது.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவவுக்கு என்னைவிடப் பத்து வயதுதான் கூட இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு நடந்த பிழை இரண்டு. வீடுதான் குடும்பம் என்று நினைத்ததால் ஜேர்மனியிலிருந்த மாமாவைப் பற்றி அவ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குடும்பத்துக்கு ஒரே வாய் என்று நினைத்ததால் என் வாயைக் கேட்டுவிட்டுப் போனா. முதல் பிழையைப் பற்றிப் பேசினால் எங்கள் சனம் கைதட்டும். இரண்டாவது பிழையைப் பற்றிப் பேசினால், குடும்பத்தை விற்றுவிட்டாய் என்கிறது. எனக்கு இரண்டும் ஒரே பிழை. கேட்கவேண்டிய ஆட்களைக் கேட்கவில்லை, ஒருவர் தூரத்தில் இருந்ததால், இன்னொருவர் பக்கத்திலேயே இருந்ததால்.

அம்மா பிறகு மாமாவுக்குக் கடிதம் எழுதினா. மாமா ரெலிபோன் எடுக்க ஏழு மாதம் ஆனது. எடுத்தபிறகு அப்பா எங்கள்மேல் கை வைக்கவில்லை. அந்த ஏழு மாதத்தை நான் இங்கே எழுதவில்லை. அம்மா இந்தக் கட்டுரையை அச்சுக்குப் போகமுன் வாசித்தா, அதை எடுத்துவிடச் சொன்னா, எடுத்துவிட்டேன். அப்பா ஊரில் தபாலகத்தில் வேலை செய்தவர், அழகாகப் பாடுவார், இங்கே உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலையும் அந்த வருட மந்தத்தில் போய்விட்டது. அவர் காலமாகிப் பல வருடமாகிறது. அவரை இங்கே விற்கிறேன் என்று யாராவது சொன்னால், வாங்கியவர் யார் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

உங்கள் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை, ஐயா. பிள்ளை பிடிகாரர் என்பது எங்கள் ஆட்களின் கற்பனை அல்ல. இந்த நாட்டில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 80கள் வரை பூர்வகுடிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் வீட்டிலிருந்து எடுத்து வெள்ளைக் குடும்பங்களுக்குக் கொடுத்தவர்கள் சமூகப்பணியாளர்கள்தான், என் தொழிலைச் செய்தவர்கள். தாய் தகப்பனுக்குப் பாசம் இல்லை என்று அவர்கள் கோப்பில் எழுதவேண்டியிருக்கவில்லை. வீட்டில் தனிக் கட்டில் இல்லை, பாட்டி வளர்க்கிறா என்பதே போதுமாக இருந்தது. ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2018இல் வெளியிட்ட அறிக்கை, பூர்வகுடிப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அளவுக்கு மிஞ்சி இன்னும் எடுக்கப்படுகிறார்கள் என்று சொல்கிறது. நோர்வேயில் பிள்ளையை எடுத்த ஒரு வழக்கில் 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்றே தீர்ப்புச் சொன்னது. ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் ஆட்கள் பயந்தால் அது மூடத்தனம் அல்ல.

ஆனால் பயந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நியூசிலாந்தின் மாவோரிகள் எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசாதே என்று கதவைப் பூட்டவில்லை. எங்கள் குடும்பம் என்றால் யார் என்பதை நாங்கள் சொல்கிறோம், எழுது என்றார்கள். 'புவாவோ தெ ஆத்தா தூ' என்ற அறிக்கை 1986இல் வெளிவந்தது, 1989இல் சட்டம் மாறியது. ஒரு பிள்ளையைப் பற்றித் தீர்மானிக்கமுன் அதன் பெரிய குடும்பத்தைக் கூட்டி இருத்தி, அவர்களே பேசி ஒரு திட்டம் சொல்ல இடம் கொடுக்கவேண்டும் என்று வந்தது. இன்று உலகம் முழுக்கச் சமூகப்பணி வகுப்புகளில் படிப்பிக்கிற குடும்பக் கூட்டு மாநாடு அங்கிருந்து வந்ததுதான். கனடாவின் பூர்வகுடிகளும் அப்படித்தான். தங்கள் பிள்ளைகள் விடயத்தில் தாங்களே சட்டம் செய்கிற உரிமையை அங்கீகரிக்கும் சட்டம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, 2024இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த மக்களிடம் எங்களிடம் உள்ளதைவிட அதிகம் பறிக்கப்பட்டிருந்தது. அவர்கள் ஆய்வு செய்தார்கள், சாட்சி சொன்னார்கள், தங்கள் வீட்டுக்குள் நடந்ததையும் சேர்த்துச் சொன்னார்கள்.

நாங்கள்? ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் டொலர் சேர்த்தோம். நானும் கொடுத்தேன், சிறிய தொகை, பெருமையோடு. எங்கள் பிள்ளைகள் மருத்துவம், கணக்கு, கணினி, வீடு விற்பனை என்று எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். சமூகப்பணி படிக்கப்போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தத் தாய்மார் எனக்குத்தான் ரெலிபோன் எடுக்கிறார்கள்: "அன்ரி, நீங்களாவது சொல்லுங்கோ, பார்மசி செய்யச் சொல்லி." பிறகு ஒரு நாள் கதவு தட்டப்படும்போது வாசலில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாது என்று கொதிக்கிறோம். தமிழ் தெரிந்தவரை நீங்கள்தான் பார்மசிக்கு அனுப்பிவிட்டீர்களே.

பல்கலைக்கழகத்தையும் விடப்போவதில்லை. முதல் வருடத்தில் தெற்காசியக் குடும்பங்களைப் பற்றி வாசிக்கத் தந்த பகுதிகளில் இரண்டு அடைமொழிகள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன: கூட்டு மனப்பான்மை உள்ளவர்கள், ஆணாதிக்கம் உள்ளவர்கள். முதலாவது பாராட்டு, இரண்டாவது கண்டனம். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டால் வேறொன்றும் யோசிக்கத் தேவையில்லை. என்னுடைய தலைப்பைச் சொன்னபோது, தமிழ்ப் பண்பாட்டுக்கு ஏற்ற பிள்ளை வளர்ப்புப் பயிற்சி ஒன்றைத் தயாரித்து அதை அளந்து பார்க்கலாமே என்று நல்லெண்ணத்தோடு ஆலோசனை வந்தது. பணமும் கிடைக்கும், மூன்று வருடத்தில் முடிந்தும் விடும். நான் மாட்டேன் என்றேன். எங்கள் குடும்பங்களில் என்ன குறை என்று அந்தப் பயிற்சி முதலிலேயே தீர்மானித்துவிடும், பிறகு பண்பாடு என்ற பெயரில் அதற்குக் கறுவேப்பிலை தாளிக்கும். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாக எழுதிவந்தது, போரின் காயத்தை ஒரு தனி மனிதனுடைய தலைக்குள் மட்டும் தேடாதீர்கள், அது குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது என்றுதான். அவரை என் வகுப்பில் யாரும் வாசிக்கவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தவர்கள் உடனே கூட்டு மனப்பான்மைக்கு ஒரு மேற்கோள் கிடைத்தது என்று குறித்துக்கொண்டார்கள். என்ன செய்வது.

பெரிய குடும்பத்தைக் கூட்டி இருத்துவது என்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. இதை மண்டபத்தில் நேரம் போதாமல் விட்டுவிட்டேன். "எங்கட ஆக்கள்" என்று நாங்கள் சொல்லும்போது அதற்குள் சொந்தமும் இருக்கிறது, சாதியும் இருக்கிறது. "அவை என்ன ஆக்கள்?" என்று கேட்டால் யாரும் தொழிலைச் சொல்வதில்லை. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி விரும்பிய பெடியனோடு போய்விட்டாள், திரும்பி வந்தபோது அவளுக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்டது. அந்தக் கோப்பு என் கையில் இருந்த நாளில், நல்ல பயிற்சி பெற்ற என் சக ஊழியர் ஒருவர், உங்கள் பண்பாட்டில் மாமன்மார் முக்கியம் அல்லவா, அவர்களையும் கூப்பிடுவோமா என்று கேட்டார். அந்த மாமன்மாரில் ஒருவர்தான் அவளைத் தேடி மூன்று வீடுகளுக்குப் போயிருந்தார். என் மாமா அம்மாவைக் காப்பாற்றினார், அவளுடைய மாமா அவளைத் துரத்தினார். இருவருக்கும் வரைபடத்தில் ஒரே சதுரம்தான். எந்தச் சதுரத்துக்கு ரெலிபோன் எடுக்கலாம் என்பதை அந்த வட்டத்துக்குள் இருக்கிறவளிடம், அவளைத் தனியே இருத்தி, அவளுடைய மொழியில் கேட்கவேண்டும். என் ஆய்வேடு முன்னூறு பக்கத்தில் சொல்லப்போவது கிட்டத்தட்ட இதுதான். இதற்கா ஐந்து வருடம் என்று மாமி கேட்பா.

அப்படிக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதற்குத்தான் ஐந்து வருடம். என் சம்மதப் படிவத்தில் ஒரு பந்தி இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகிக்க நியாயமான காரணம் எனக்குத் தெரியவந்தால் அதை நான் அறிவித்தே ஆகவேண்டும், ஒன்ராறியோச் சட்டத்தின் 125ஆம் பிரிவு அப்படி. அதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் நேர்காணலைத் தொடங்கமுடியாது. அந்தப் பந்தியை வாசித்து முடிக்கும்போது எதிரே இருப்பவரின் முகம் மூடிக்கொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், தம்பியின் கையைப் பார்த்த ரீச்சர் அறிவித்தது சரிதான். ஆனால் அந்தப் பந்தியை வாசிக்கிற ஒவ்வொரு முறையும் நான் காலுறை நனைந்த அந்தப் பெண்ணாகவும் இருக்கிறேன், சோபாவில் இருந்த பதின்மூன்று வயதுப் பிள்ளையாகவும் இருக்கிறேன்.

பல வீடுகளில் படிவத்தைக் கையில் வாங்குவது கணவன்தான். "எங்களுக்கு ஒண்டும் பிரச்சினை இல்லை, எல்லாருக்குமாச் சேர்த்து நான் கையெழுத்து வைக்கிறன்" என்பார், மிக மரியாதையாக. அப்போது நான் தனித்தனிப் படிவங்களை எடுத்து மேசையில் வைப்பேன். சில வீடுகளில் அத்தோடு கதை முடிந்துவிடும், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுவேன். சில பெண்கள் பிறகு, வேலை முடிந்து போகிற வழியில், ரிம் ஹோர்ட்டன்ஸ் வாகனத் தரிப்பிடத்தில் என் காருக்குள் வந்து இருந்து பேசியிருக்கிறார்கள். எல்லோரும் கணவனைப் பற்றி முறைப்பாடு சொல்ல வந்தார்கள் என்று நினைக்கவேண்டாம். ஒருவர் ஒன்றரை மணித்தியாலம் பேசியது முழுக்கத் தன் மாமியாரைப் பற்றி, எவ்வளவு நல்ல மனிசி, இங்கே கூப்பிடக் குலுக்கலில் பெயர் விழவில்லை, ஊரில் தனியே சாகப்போகிறா என்று. இன்னொருவர் தன் பதினொரு வயது மகன் வங்கியிலும் டொக்ரரிடமும் தனக்காகக் கதைக்கிறான் என்று பெருமையாகச் சொன்னா. அவன் எல்லாவற்றையும் அப்படியே சொல்கிறானா என்று நான் கேட்டேன். யோசித்துவிட்டு, "எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றா.

ஐயா, நீங்கள் கேட்டது விற்பனையைப் பற்றி. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பால் எனக்குப் போனது ஐந்து வருடச் சம்பளம், ஒரு முழங்கால், ஒரு சகோதரத்தின் பேச்சு. தம்பிக்கு நான் இதை எழுதுவது பிடிக்கவில்லை, அது அவனுடைய உரிமை. அவனுடைய பெயரையும் வேலையையும் எங்கேயும் குறிப்பிடவில்லை. வந்தது என்னவென்று இன்னும் தெரியாது. ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் கொடுக்கவேண்டும், அது விதி. அதன் சாரத்தை ஐம்பது பக்கத்தில் தமிழில் எழுதி, பேசியவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்து, பிழை இருந்தால் திருத்தச் சொல்வதென்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபது பக்கம் முடிந்திருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் தாய் தன் பகுதியை ஏற்கனவே திருத்தித் தந்துவிட்டா, சிவப்புப் பேனையால், வயதை மட்டும். "இருபத்திரண்டு எண்டு போட்டிருக்கிறாய், இப்ப அவனுக்கு முப்பத்தெட்டு."

ஏப்ரலில் அதே மண்டபத்தில் இன்னொரு கூட்டம் வைக்கிறோம், இந்தமுறை பத்து மணி வரை எடுத்திருக்கிறோம். நீங்கள் வரவேண்டும். கேள்வியை மறுபடி கேளுங்கள். வீட்டிலிருந்து அம்மாவையும் கூட்டிவாருங்கள், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் யார் வந்தாலும் கூட்டிவாருங்கள். ஆளுக்கொரு தாளும் பென்சிலும் தருவேன், குடும்பத்தை வரையச் சொல்லி. கதிரைகளை மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடப்போகிறேன்.